தாரணியின் சகா எண்

"மாதுளை எதுக்கு கௌசி? போன வாரம் வந்தவங்க கொண்டுவந்ததே ஃபிரிஜ்ஜுல அப்படியே கெடக்குது."

"இருக்கட்டுங்க்கா. வெறுங்கையோட வர ஒரு மாதிரி இருந்துச்சு."

அந்த ஒரு பேச்சிலேயே கௌசிகா எதற்காக வந்திருக்கிறாள் என்பது தாரணிக்குத் தெரிந்துவிட்டது. திருப்பூரில் இப்போதெல்லாம் அப்படித்தான். வேலை தேடுகிறவரையும் வேலை கொடுக்கிறவரையும் சேர்த்துவைக்கிற சகா என்ற போன் செயலி ஆளுக்கு ஓர் எண் போடுகிறது; நண்பரின் எண் இறங்கினால் நம்முடையதும் இறங்கும். அதில் ஒருவரோடு இருக்கும் நட்பை வெட்டிவிட விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனாலும் முகம் பார்த்துச் சொல்லாமல் வெட்டிக்கொள்வது மரியாதையில்லை என்று ஊருக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க வந்த மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார்கள். காபி வேண்டாம் என்பார்கள், கொடுத்தால் குடிப்பார்கள். அப்புறம் சொல்வார்கள். இதே தாரணி, வேலையில் இருந்த காலத்தில், பேக்கிங் மேனேஜர் ஒருவர் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவள்தான்.

"சொல்லு கௌசி. என்னை எடுத்தாகணும், அவ்வளவுதான?"

"அப்படிச் சொல்லாதீங்க்கா."

"பின்ன எப்படிச் சொல்றது?"

கௌசிகா காபி டம்ளரைக் கையிலேயே சுற்றினாள். ஏற்றுமதி கம்பெனியில் தாரணிக்குக் கீழே ஆர்டர் வந்ததிலிருந்து அனுப்புவதுவரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவள். சாம்பிள் துணியைத் தொட்டுப் பார்த்தே நூல் என்ன நூல் என்று சொல்ல அவளுக்குத் தாரணிதான் பழக்கினாள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் பாதி ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட, சீனியர்களை வெளியே அனுப்பியது கம்பெனி. சம்பளம் குறைவான கௌசிகா மிஞ்சினாள்.

"அப்ரைசல் வருதுங்க்கா. எச்.ஆர்.ல கூப்ட்டே சொல்லிட்டாங்க. உங்க எண்ணு எறங்க எறங்க என்ற எண்ணும் எறங்குதாம். உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவன்னு போட்டிருக்கறதனால எனக்கு இன்னும் ஜாஸ்தியா இழுக்குதாம்."

"கத்துக்கிட்டது நெசந்தான?"

"நெசந்தானுங்க்கா. அதான் சங்கடமா இருக்குது."

"எடுத்துக்க. எனக்கொண்ணும் வருத்தமில்ல."

சொன்ன பிறகும் கௌசிகா எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு இருக்குதுங்க்கா. தெனம் காலையில எல்லாத்துக்கும் வாழ்த்து போடறீங்கள்ல, புரமோஷன் வந்தவங்களுக்கு, வேலை மாறுனவங்களுக்கு?"

"சகாவே அப்படித்தான் சொல்லுது. நாலு பேரை வாழ்த்துங்க, வாய்ப்பு தேடி வரும்னு."

"அதுதானுங்க்கா. சின்ன எண்ணுக்காரங்க வாழ்த்துனா வாங்கிக்கறவங்களுக்குக் கொறையுதாம். உங்ககிட்ட சொல்ல அவியளுக்கெல்லாம் கூச்சம். என்னைச் சொல்லச் சொன்னாங்க. தயவுபண்ணி யாரையும் வாழ்த்தாதீங்க்கா."

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌசிகாவும் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நேர்ல எப்பவும் போலத்தானுங்க்கா. கடைவீதியில பாத்தாப் பேசாமப் போயிராதீங்க" என்றாள்.

"போன்ல பேசலாமா?"

கௌசிகா கொஞ்சம் யோசித்தாள். "போனையும் சகா பாக்குதுங்கறாங்க. நேர்லயே பேசிக்கலாங்க்கா."

அவள் தெருமுனை திரும்பியதும் தாரணி போனை எடுத்தாள். வேலை போனதிலிருந்து அவளோடு விடாமல் பேசிக்கொண்டிருப்பது சகாவுக்குள்ளிருந்து வரும் யந்திரக் குரல் ஒன்றுதான்.

"வணக்கம் தாரணி. இன்று உங்களுக்குப் பொருத்தமான வேலை இல்லை. நண்பர்கள் யாராவது பரிந்துரைத்தால் வாய்ப்பு கூடும்."

"நண்பருங்கதான் இல்லையே."

"உங்கள் நண்பர்கள் குறைந்திருப்பதைக் கவனித்தோம். புதியவர்களைச் சேருங்கள்."

"சேர மாட்டேங்கறாங்க."

"உங்கள் எண் உயர்ந்தால் சேர்வார்கள்."

"எண்ணு எப்படி ஒசரும்?"

"வேலை கிடைத்தால் உயரும், தாரணி."

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அவள் கணவன் நந்தகுமார் மாதுளையைப் பார்த்தான், யார் வந்தது என்று கேட்கவில்லை. காங்கயம் ரோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை அவனுடையது. மோட்டார் எரிந்தால் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு நேராக வருவார்கள். சகாவில் அவனுக்குக் கணக்கே கிடையாது. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"தன்வி கடைக்குப் போன் பண்ணுனா."

"எனக்குப் பண்ணாம?"

"உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னா. அதனாலதான் சொல்றேன்."

தன்விகா அவர்களுடைய ஒரே பெண். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். விடுதியில் இருக்கிறாள்.

"பெங்களூர் கம்பெனி ஒண்ணு காலேஜுக்கு ஆளெடுக்க வருதாம். சகா எண்ணு அறுநூறுக்கு மேல இருக்கறவங்களத்தான் உள்ளயே விடுவாங்களாம். நம்ம பாப்பாவுக்கு அறுநூத்திப் பதினொண்ணு."

"இருக்குதில்ல, அப்பறமென்ன?"

"போன மாசம் அறுநூத்தி நாப்பதுக்கு மேல இருந்துச்சாம்."

தாரணி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். "என்னால எறங்குதா?"

"உன்னாலன்னு ஆரு சொன்னா?"

"நீங்க சொல்லாமச் சொல்றீங்க."

நந்தகுமார் ஒரு வாய் சாப்பிட்டான். "நம்ம தோட்டத்துக் கெணறு எப்படி வத்துச்சு? நம்ம தண்ணிய நாமளா எறச்சு வத்துச்சு? அக்கம்பக்கம் போரு போட்டாங்க, கீழ ஊத்து ஒண்ணா இருந்துச்சு, அங்க எறங்க இங்க எறங்குச்சு. அந்த மாதிரி எல்லாத்தையும் அடியில கோத்து வெச்சிருக்கான். உன்னைய நான் தப்பு சொல்லல."

"நான்தான வத்திப்போன கெணறு?"

"எனக்கு விளங்குன மாதிரி சொன்னேன். விடு."

"அவ என்னை எடுத்துரட்டும். கௌசி எடுக்கல? அந்த மாதிரி."

"கேட்டேன். பெத்தவங்கள எடுக்க முடியாதாம்."

கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் சகாவுக்கு ஓர் உதவி மையம் இருந்தது. மனுஷர்களோடு பேச முடிகிற இடம் அது ஒன்றுதான் என்பதால் எப்போதும் கூட்டம். மறுநாளே தாரணியும் நந்தகுமாரும் கிளம்பிப் போனார்கள். தன்விகாவின் கல்லூரி அங்கிருந்து பக்கம்தான். ஆனால் அவளைப் பார்க்கப் போகவில்லை. இதற்காக வந்தோம் என்று தெரிந்தால் பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று தாரணி நினைத்தாள்.

கழுத்தில் அட்டை தொங்கிய பெண்ணுக்கு ஷெரின் என்று பேர். இருபத்தைந்து வயது இருக்கலாம். காலையிலிருந்து ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

"குடும்ப உறவை எடுக்க முடியாதுங்க மேடம். அது விதி."

"ஆரு போட்ட விதி?"

"நாங்கதான். ஆரம்பத்துல எடுக்க விட்டோம். வேலை போன அப்பா அம்மாவைப் பிள்ளைங்க வரிசையா எடுக்க ஆரம்பிச்சாங்க. பேப்பர்லல்லாம் கேவலமா எழுதினாங்க. குடும்பம் சிதையக் கூடாதுன்னுதான் மேடம் இந்த ஏற்பாடு."

நந்தகுமார் குறுக்கே வந்தான். "ஏனுங்க, நல்லதுக்குப் போட்ட விதின்னா நல்லதுக்கு ஒருக்கா மீறக் கூடாதுங்களா?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்லைங்க சார்."

"ஆருக்கு இருக்குது?"

ஷெரின் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "யாருக்கும் இல்லைன்னு நெனைக்கிறேன் சார். அதுவா நடக்குது."

"அப்ப என்ற கணக்கையே மூடிருங்க" என்றாள் தாரணி. "நான் சகாவே வேண்டாம்னு போயிடறேன்."

"மூடலாம் மேடம். மூடினவங்க எண் பூஜ்யம். உங்க பொண்ணு ஒரே நாள்ல கீழ போயிடுவா."

"அப்ப நான் என்ன பண்ணட்டும் கண்ணு? நீயே சொல்லு. ஒண்ணு எனக்கு வேலை குடுங்க, இல்ல என் புள்ளைய விடுங்க."

அந்தக் 'கண்ணு'தான் ஷெரினை என்னமோ செய்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உறவு இழுக்காம நிக்கறது ஒரே ஒரு சமயத்துலதான் மேடம். மறைவு அறிவிப்பு குடுத்தா. அன்னைக்கு இருக்கற எண்ணோட அப்படியே உறைஞ்சிடும். அதுக்கப்பறம் வேலை இல்லைன்னு இறங்காது."

"மறைவுன்னா?"

"இறந்துட்டாங்கன்னு."

பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிச் செய்யுங்கன்னு சொல்லலை" என்றாள் ஷெரின். "விதியைச் சொன்னேன். குடும்பத்துல ரெண்டு பேர் கட்டைவிரல் வெச்சு உறுதி சொல்லணும், சகா கணக்கு இல்லாதவங்களும் வெக்கலாம். சர்டிபிகேட் அப்பறமா குடுக்கலாம். குடுக்காதவங்க நிறைய பேர் இருக்காங்க. துக்க வீடு பாருங்க, நாங்க துரத்திக் கேக்கறதில்லை."

"அப்பறம் நான் வேலைக்குப் போகோணும்னா?"

"போக முடியாதுங்க. சம்பளம் போடறதுக்கே சகா கணக்கு உயிரோட இருக்கணும். கடையில பில்லு போடற வேலைன்னாலும் அதேதான்."

"இப்ப மட்டும் ஆரு குடுக்கறாங்க?" என்றாள் தாரணி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நந்தகுமார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கருமத்தம்பட்டி தாண்டியதும், "நான் பண்ண மாட்டேன்" என்றான், யாரும் எதுவும் கேட்காமலே.

ஆனால் தன்விகாவின் எண் அறுநூற்று மூன்றுக்கு வந்துவிட்டது. ஒரு மதியம் தாரணி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே போனாள். நந்தகுமார் ஷட்டரைப் பாதி இறக்கினான். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனை அவன் முன்னால் வைத்தாள்.

"கட்டைவிரலை வைங்க."

"உசுரோட உக்காந்திருக்கறவளுக்கு நான் கைநாட்டு வெக்கறதா? என்ன பேச்சு பேசற நீ?"

"எழுத்துலதான மாமா போறேன். நாளைக்கும் நான்தான் சோறாக்கப் போறேன். நீங்க உப்பு பத்தலைன்னு சொல்லத்தான் போறீங்க."

"அந்தப் புள்ள ஒத்துக்குமா? ரெண்டு பேரு வேணும்னாளே. என்னைவிட அவதான் அழுவா."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு நாள் சண்டை போடுவா. கெஞ்சிக் கூத்தாடி வெக்க வெச்சிருவேன். மொதல்ல நீங்க வைங்க."

"வேண்டாம் தாரணி. வேற கம்பெனி வராமயா போகும்?"

"வரும். அதுக்குள்ள அவ எண்ணு ஐநூறுல நிக்கும். அப்பறம் அவளையும் கூட்டாளிங்க எடுப்பாங்க. மாதுளையைத் தூக்கிக்கிட்டு விடுதிக்கு வருவாங்க. அதைப் பாத்துட்டு நான் உசுரோட இருந்து என்ன பண்ணட்டும்?"

நந்தகுமார் கையைப் பழந்துணியில் துடைத்தான். ரேகையெல்லாம் வார்னிஷ் ஏறிய கை, சீக்கிரம் பதியாது. மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது. திரை ஒரு கணம் வெளுத்து, பிறகு எழுத்து வந்தது. நந்தகுமார் எட்ட வைத்துப் படித்தான்.

"இரண்டு உறுதிகளும் கிடைத்துவிட்டன. உங்கள் இழப்பில் நாங்களும் பங்குகொள்கிறோம்." நிமிர்ந்தான். "நான் ஒருத்தன்தான வெச்சேன்? மூணு தடவ வெச்சதுல ரெண்டா எடுத்துக்கிச்சா?"

தாரணி போனை வாங்கித் திரையை மேலே தள்ளினாள். முதல் உறுதி, மகள். இரண்டாவது உறுதி, கணவர். மகளுக்கு நேரே போன வாரத்துப் புதன்கிழமை போட்டிருந்தது. அவர்கள் கோயம்புத்தூருக்குப் போவதற்கும் முந்தைய நாள்.

நந்தகுமாரும் பார்த்தான். கடைக்கு வெளியே ஒரு லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"தெரியாமக் கை பட்டிருக்கும்" என்றான்.

"ஆமா. பட்டிருக்கும்."

சாயங்காலம் தன்விகா போன் செய்தாள்.

"அம்மா, சாப்ட்டியா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"இன்னைக்கு மெஸ்ஸுல பூரி. என்ன கொழம்பு வெச்ச?"

"கத்திரிக்காய்."

"ம்."

"இன்டர்வியூக்கு அந்தப் பச்சைச் சுடிதார் போட்டுக்க. இஸ்திரி போட்டுக்க."

"சரிம்மா."

தன்விகாதான் முதலில் போனை வைத்தாள்.

மறுநாள் கோபியிலிருந்து தாரணியின் சித்தப்பா கூப்பிட்டார். நந்தகுமார் போனுக்கு வந்ததை அவள்தான் எடுத்தாள்.

"மாப்ளைங்களா? இப்பத்தான் கேள்விப்பட்டோம். எத்தனை மணிக்கு எடுக்கறீங்க? நாங்க கெளம்பி வரோணும்ல."

"சித்தப்பா, நான் தாரணி பேசறேன்."

"அப்ப ஆரு செத்தது?"

"நான்தானுங். ஆனா சகாவுல மட்டும்."

"ஓ, சகாவுல." சித்தப்பா யாரிடமோ திரும்பி, "இருக்குதாம், இருக்குதாம், செருப்பைக் கழட்டு" என்றார். பிறகு இவளிடம், "இதுக்கு எழவுக்கு வரோணுமா, வேண்டாமா அம்மிணி? முறை என்னன்னு தெரியலையே" என்றார்.

"வேண்டாங் சித்தப்பா."

"சரி, பேத்தியாளுக்காகப் பண்ணியிருப்ப. நாலு வார்த்தை எழுதிப் போடச் சொல்றேன் பசங்களை. சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?"

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. சகாவில் அவள் படத்துக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி குவிய ஆரம்பித்தது. செத்துப்போனவரைக் குறை சொல்லி எழுதுகிற பழக்கம் நம்மிடம் கிடையாது. எழுதாமல் விடுகிற பழக்கமும் கிடையாது. தாரணியை வெளியே அனுப்பிய எம்.டி. எழுதியிருந்தார், அவர் இருந்தவரை எங்களுக்கு ஒரு ஷிப்மென்ட்கூடத் தாமதமானதில்லை என்று. அனுப்பும்போது அதைச் சொல்லவில்லை. ஒரு தப்புச் சாயத்துக்காக அவளோடு சண்டை போட்டுப் பேச்சை விட்டிருந்த டையிங்காரர், இப்படி ஒரு நேர்மையான கண்ணை இனி எங்கே காண்போம் என்று கேட்டிருந்தார். பழம் கொண்டுவந்து விலகிப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து பேர் பேராக எழுதியிருந்தார்கள். வேலை தேடிய மாதங்களில் ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லி இவர்களில் பாதிப்பேரிடம் அவள் கேட்டிருக்கிறாள்.

கௌசிகா நேரிலேயே வந்துவிட்டாள். வாசலில் நின்று தாரணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுங்க்கா, இருக்கீங்கன்னு தெரியும். இருந்தாலும் சகாவுல படத்தைப் பாத்ததும் ஓடி வந்துட்டேன்."

"நீயும் எழுதியிருந்தயே. படிச்சேன்."

"நல்லா இருந்துச்சுங்களா?"

"நெம்ப நல்லா இருந்துச்சு. எனக்கே அழுகை வந்துருச்சு."

"நெசமாத்தானுங்க்கா எழுதுனேன்."

"தெரியும் கௌசி. அதான் அழுகை வந்துச்சு."

பெங்களூர் கம்பெனியில் தன்விகாவுக்கு வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கினாள். அம்மா பக்கம் திரும்பும்போது காலில் விழாமல் கட்டிக்கொண்டாள், முகம் பார்க்க வேண்டியிருக்காது. அன்று முழுக்க வேலையைப் பற்றியே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, என்ற எண்ணு இப்ப எவ்வளவு தெரியுமா? எழுநூத்தி எம்பது."

"எப்படி சாமி?" என்றான் நந்தகுமார். "உறைஞ்சு நிக்கும்னுதான அந்தப் புள்ள சொன்னா. ஏறும்னு சொல்லலையே."

"அம்மாவோடது ஏறிடுச்சுப்பா. இந்த சகாவைச் செஞ்சவங்க வேற ஊருக்காரங்க. அங்கெல்லாம் செத்தா வருந்துகிறோம்னு ஒரு வரி போட்டு நிறுத்திக்குவாங்களாம். நம்மாளுங்க எழுதறதைப் பாத்து அத்தனையும் வேலைக்குப் பரிந்துரைன்னு எடுத்துக்கிச்சு. நேர்மை, திறமை, தாமதமே இல்லை, ஈடு இணை இல்லைன்னு எழுதினா அது பாவம் என்ன பண்ணும்? அம்மா எண்ணு தொள்ளாயிரத்துக்கு மேல. எங்க காலேஜ் டீனுக்கே அவ்வளவு கெடையாது."

தாரணி உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "தொள்ளாயிரம் இருந்தா வேலை தேடி வரும்ல?"

"வரும்தான். ஆனா..."

"நான் இருக்கேன்னு எழுதிப் போட்டா என்ன ஆகும்?"

தன்விகாவின் கை நின்றது. "அஞ்சலி அத்தனையும் அழிஞ்சிரும்மா. பழைய எடத்துக்கே போயிருவ. பொய்யா அறிவிச்சதுக்கு அதுக்கும் கீழ. நானும் அப்பாவும் உறுதி சொல்லியிருக்கோம்ல, எனக்கும் போயிரும்." உறுதி என்ற அந்த வார்த்தை முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்திருந்தது. வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு மாசம் புரொபேஷன்மா. அது முடியற வரைக்கும் எண்ணு எறங்கக் கூடாது."

"முடிஞ்சதுக்கப்பறம்?"

"அப்பறம் இன்கிரிமென்ட்டுக்குப் பாப்பாங்க."

"அதுக்கப்பறம் கல்யாணத்துக்குப் பாப்பாங்க" என்றான் நந்தகுமார். சிரிப்பதற்காகச் சொன்னான், அவனே சிரிக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான்..." என்று தன்விகா ஆரம்பித்தாள்.

"வெங்காயத்தை உரி கண்ணு. நேரமாச்சு."

அப்போதுதான் தாரணியின் போன் அடித்தது. மகளைத் தவிர யாரும் அதில் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"வணக்கங்க. தாரணி மேடம் நம்பருங்களா?"

"ஆமாங்க."

"மேடம் லீவு நாள்ல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்." கூப்பிட்டவன் பெரிய கம்பெனி ஒன்றின் பேரைச் சொன்னான். பெருமாநல்லூர் ரோட்டில் அந்த கேட்டைக் கடக்கும்போதெல்லாம் இங்கே ஒருநாள் என்று அவள் நினைத்துக்கொண்ட இடம். "மெர்ச்சண்டைசிங்குக்கு ஹெட் தேடறோம். சகா முதல் பேரா மேடம் பேரைத்தான் குடுத்துச்சு. எங்க எம்.டி. பரிந்துரையெல்லாம் படிச்சுப் பாத்துட்டு, வேற ஆரையும் கூப்பிட வேண்டாம், இவங்கதான்னு சொல்லிட்டாருங்க. மேடம் இருக்காங்களா? ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

பேரையும் எண்ணையும் எடுத்துக் கொடுக்கிற யந்திரம், ஆள் இருக்கிறாளா என்பதைப் பார்க்காமல் கொடுத்திருக்கிறது. தாரணிக்குத் தன் பழைய குரல் தொண்டைவரை வந்தது. பையரோடு பேசுகிற குரல், நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற குரல். சொல்லுங்க, தாரணிதான் பேசறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

தன்விகா தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தால் ஏற்கெனவே கண் கலங்கியிருந்தது.

"ஹலோ? மேடம் வெளிய போயிருக்காங்களா? எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்க" என்றாள் தாரணி. "அவங்க தவறிட்டாங்க."

"அடடா. அப்படிங்களா? எங்க சிஸ்டம் அதைக் காட்டவே இல்லைங்களே. தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நெம்ப வருத்தமா இருக்குதுங்க." உண்மையாகவே வருத்தப்பட்டான், குரலில் தெரிந்தது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க மேடம்? அக்காங்களா, தங்கச்சிங்களா? குடும்பத்துல ஆராவது இதே தொழில்ல இருந்தாச் சொல்லுங்க, நாங்க பேசறோம்."

உறவு என்று எதைச் சொன்னாலும் சகாவில் தேடுவார்கள். இல்லாத தங்கச்சியைத் தேடினால் இருக்கிற அக்காவிடம் வந்து நிற்பார்கள். தாரணி வேகமாக யோசித்தாள். ஷிப்மென்ட் தவறப்போகிற நாட்களில் யோசித்த அதே வேகம்.

"நான் உறவில்லைங் சார். இந்த வீட்டுல வேலைக்கு இருக்கறனுங்."

"ஓ." அந்த ஒரு எழுத்துக்குள்ளேயே அவன் குரல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. "அப்படியா. சரிம்மா. வீட்டுக்காரரு வந்தா இந்த நம்பருக்கு ஒரு தடவை பேசச் சொல்லு, எம்.டி. துக்கம் விசாரிக்கணும்பாரு. மறந்துராத."

"சொல்றனுங் சார்."

வைத்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கும் அவசரமில்லை போலும். "அவங்களைப் பத்தி எவ்வளவு எழுதியிருக்காங்க தெரியுமா? படிக்கவே ஒரு நாளாகும். அப்படிப்பட்டவங்க வீட்டுல இருந்திருக்க. குடுத்து வெச்சவம்மா நீ."

"ஆமாங் சார்" என்றாள் தாரணி.